மோட்டார்ஹோமுக்கு ஒரு ஸ்டெப்னி: தூக்காமல் ஏற்றி இறக்க ஒரு வழி

அமெரிக்காவில் வீடுபோல உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் பெரிய மோட்டார்ஹோம் வாங்குகிறவர்கள் பலர் வாங்கிய பிறகுதான் ஒன்றைக் கவனிப்பார்கள்: வண்டியில் ஸ்டெப்னி இருக்காது. எங்களுடையது பழைய வண்டி, 36 அடி நீளம். ஃபோர்டு எஃப்53 சேஸி (வண்டியின் அடிச்சட்டம்), முன்னால் வி10 பெட்ரோல் இன்ஜின். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு என்று ஆறு டயர். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஷவர் எல்லாம் வைக்க இடம் கண்டுபிடித்தவர்கள் ஸ்டெப்னிக்கு மட்டும் ஓர் இடம் ஒதுக்கவில்லை. அவர்கள் கணக்கும் புரிகிறது. இந்த டயரை ரோட்டோரத்தில் யாரும் தானே கழற்றி மாட்டப்போவதில்லை, போன் போட்டால் டயர் சர்வீஸ் லாரி வரும், அவ்வளவுதான்.

லாரி வரும், உண்மை. ஆனால் அதில் நம் அளவு டயர் இருக்க வேண்டுமே. எங்கள் வண்டிக்கு 235/80 ஆர் 22.5 (கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்). மேற்கு டெக்சாஸில் யுஎஸ் 90 சாலையில் சாண்டர்சன் பக்கம் முன் டயர் வெடித்தபோது வந்த ஆள் கெட்டிக்காரர், கருவிகளும் சுத்தம். அவரிடம் இருந்ததெல்லாம் 11 ஆர் 22.5, 295/75 ஆர் 22.5 என்று சரக்கு லாரிகளுக்கான டயர்கள். எங்கள் அளவு பெரும்பாலும் மோட்டார்ஹோம்களில்தான் ஓடுகிறது, அதனால் ஊர்க்கடைகளில் வாங்கி வைப்பதில்லை. டயர் வேறு ஊரிலிருந்து வரும்வரை வண்டி ரோட்டோரத்திலேயே கிடந்தது. அதன் பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதல் கேள்வி, ரிம்மோடு வைப்பதா, வெறும் டயரை மட்டும் வைப்பதா. வெறும் டயர் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ரிம் கெடுவது அபூர்வம், வருகிற சர்வீஸ் ஆள் கழற்றி மாட்டிக்கொள்வார், எடையும் குறையும். நியாயமான வழிதான். 275/80 மாதிரி எங்கும் கிடைக்கிற லாரி அளவு டயர் போட்ட வண்டி என்றால் அதைக்கூடச் சுமக்க வேண்டாம் என்பேன். ஆனால் இந்த டயரை ரிம்மில் ஏற்றிக் காற்றடிப்பது நாம் செய்கிற வேலை இல்லை. 110 பிஎஸ்ஐ அழுத்தம், இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் கடையில் அடிக்கிறார்கள். வெறும் டயர் கையில் இருந்தால், அளவுக்காகக் காத்திருக்க வேண்டாமே தவிர, ஆளுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். நான் ரிம்மோடு வைக்க முடிவு செய்தேன்.

டயர் செலவில்லாமல் கிடைத்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஆறு டயரையும் மாற்றினேன். கழற்றிய பழையதில் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்து வயதைத் தாண்டாத, பக்கச்சுவரில் வெடிப்பில்லாத டயராகத் தேர்ந்தெடுத்தேன். ரிம்தான் அலைய வைத்தது. பழைய லாரி உடைக்கும் யார்டுகளில் 22.5 ரிம் மலைபோலக் குவிந்திருக்கும், பெரும்பாலும் 8.25 அங்குல அகலம். எங்கள் டயருக்கு அது ஆகாது, 6.75 வேண்டும். கடைசியில் ஒரு பழைய டெலிவரி லாரியிலிருந்து 70 டாலருக்குக் கிடைத்தது. பத்து ஓட்டை, நடுவில் ஹப்பின் (அச்சு முனையில் சக்கரம் மாட்டும் பாகம்) மேல் உட்காரும் வகை. கம்பி பிரஷ் போட்டுத் துருவை உரித்து பெயின்ட் அடித்தேன். டயரைக் கடையில் மாட்டிக் காற்றடிக்க 45 டாலர்.

வீட்டுக் குளியலறைத் தராசில் நிறுத்திப் பார்த்தேன்: 148 பவுண்டு, 67 கிலோ. குறுக்களவு 37.3 அங்குலம், தடிமன் 9.3. இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அடுத்த வேலைகளைச் செய்தேன்.

எங்கே வைப்பது? பின்பக்க ஏணி ஆள் ஏறவே யோசிக்கிற ஏணி. கூரை மேல் என்றால் ஏற்றுவது யார். எல்லோரும் செய்வதுபோல நானும் பின்னால் ஹிட்ச்சில் (இழுவை வண்டி மாட்டும் இணைப்பு) சொருகும் தாங்கி ஒன்றை வாங்கினேன். மாட்டியதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு வண்டியை லாரி நிறுத்தத்தில் கேட் ஸ்கேல் என்ற, அச்சு அச்சாக எடை காட்டும் தராசில் ஏற்றினேன்.

எஃப்53 வண்டிகளில் பின் அச்சுக்குப் பின்னால் நீளமான வால் தொங்கும். எங்கள் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 242 அங்குலம். பின் அச்சிலிருந்து தாங்கியில் உள்ள சக்கரத்துக்கு 168 அங்குலம். சக்கரமும் தாங்கியும் சேர்ந்து 200 பவுண்டு. நெம்புகோல் கணக்குத்தான்: பின் அச்சில் ஏறியது 200 அல்ல, 340. அந்த மிச்ச 140, முன் அச்சிலிருந்து தூக்கப்பட்டது. தராசுச் சீட்டில் பின் அச்சு 15,180-லிருந்து 15,520 ஆகியிருந்தது. அனுமதி 15,500. முன் சக்கரத்தில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங் லேசாகும். நெடுஞ்சாலையில் பக்கக்காற்று அடிக்கும்போது அது தெரியும். போதாக்குறைக்கு, பின்னால் இழுத்து வரும் கார் மாட்டும் இடமும் அதே ஹிட்ச்தான். தாங்கியைப் பாதி விலைக்கு விற்றுவிட்டேன். முன் அச்சில் 8,300 தான் இருந்தது, அனுமதி 9,000. இடம் எங்கே என்று தராசே சொல்லிவிட்டது: முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள டிக்கி.

இந்த டிக்கி வலது பக்கம் திறக்கும். அமெரிக்காவில் ரோட்டோரம் வலப்பக்கம் என்பதால், ஓடும் வண்டிகளுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியதில்லை. கதவு திறப்பு 41 அங்குல அகலம், 20 அங்குல உயரம். சக்கரம் நிற்காது, படுக்கும். அதுவரை அங்கே குடியிருந்த தண்ணீர்க் குழாய், சாய்வு நாற்காலி எல்லாம் பின்னால் போயின. தரை மெல்லிய தகரம், ஓரங்களில் ஆங்கிள் இரும்பு.

முதலில் செய்தது இழுப்பறை. 500 பவுண்டு தாங்கும் என்று போட்டிருந்த ஒரு ஜோடி தண்டவாள ஸ்லைடு, மேலே பிளைவுட் தட்டு. ஸ்லைடு தாங்கியது. தரைதான் தாங்கவில்லை. தட்டை முழுக்க வெளியே இழுத்ததும் உள்பக்க ஸ்க்ரூக்கள் தகரத்தைக் கிழித்துக்கொண்டு எழும்பின. பார்த்துக்கொண்டிருந்த நண்பன், "மச்சான், இது டிக்கியையே வெளிய இழுத்துட்டு வரப்போகுது" என்றான். ஆங்கிளில் போல்ட் போட்டிருக்கலாம், ஆனாலும் பெரிய சிக்கல் அப்படியே இருக்கும். தட்டு வெளியே வந்த பிறகு 67 கிலோவை அதிலிருந்து தரைக்கு இறக்குவது யார், திரும்ப ஏற்றுவது யார்? ஹிட்ச்சில் மாட்டும் சின்ன கிரேன் வாங்கலாமா என்றும் பார்த்தேன். கிரேனே ஒரு சக்கரம் அளவுக்குக் கனம்.

அப்போதுதான் சட்டைப்பைத் தாளில் இருந்த எண்கள் உதவின. சக்கரத்தின் பாதி உயரம் 18.6 அங்குலம். டிக்கித் தரை நிலத்திலிருந்து 15.5. வாசல் விளிம்பை இரண்டு அங்குலம் உயர்த்தினால் 17.5. சக்கரத்தை நிறுத்தி விளிம்பில் சாய்த்தால், விளிம்பு ஏறக்குறைய அதன் நடுவில் படும். அப்படியென்றால் அடிப்பக்கத்தைப் பிடித்து உயர்த்தும்போது சக்கரம் சீசா பலகை மாதிரி சாயும். தூக்கவே வேண்டாம், சாய்த்துவிட்டுத் தள்ளினால் போதும்.

வாசல் விளிம்பில் படகு டிரெய்லரில் போடும் 12 அங்குல ரப்பர் உருளை ஒன்று. அதன் தண்டுக்கு இரு பக்கமும் பட்டை இரும்பில் பிராக்கெட், ஆங்கிள் இரும்பில் துளையிட்டு போல்ட். உருளையின் மேல்முகம் நிலத்திலிருந்து 17.5 அங்குலம். உள்ளே, டிக்கித் தரைமேல் மூன்று மரச்சட்டம் நெடுக்கில். அவற்றின் மேல் அரை அங்குலத் தடிமனில் வெள்ளை பிளாஸ்டிக் பட்டை. அது ஹோட்டல் சமையலறைச் சாமான் கடையில் வாங்கிய காய்கறி நறுக்கும் பெரிய பலகைதான். மேஜை ரம்பத்தில் மூன்றாக அறுத்தேன். அறுக்கும்போது பனித்தூள் மாதிரி பறந்து சட்டையெல்லாம் ஒட்டும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவின் தலை மேலே துருத்தாமல் பிளாஸ்டிக்கில் குழி வெட்டி உள்ளே இறக்க வேண்டும். மரமும் பிளாஸ்டிக்கும் 60 டாலர், உருளையும் பிராக்கெட்டும் 32.

வண்டி நிற்பது வாடகை யார்டில். வீட்டு வாசலில் நிறுத்தினால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிடும். யார்டில் வைத்துச் சோதித்தோம். சக்கரத்தை உருட்டி வந்து உருளையில் சாய்த்து, அடிப்பக்கத்தில் லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்தேன். கிளம்பும்போது 40 பவுண்டு காட்டியது. சக்கரத்துக்குத் தடிமன் இருப்பதால் கனம் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளி நிற்கிறது, அதுதான் அந்த நாற்பது. படுக்கப் படுக்கக் குறைந்து கடைசியில் ஒன்றுமே இல்லை. உள்ளே தள்ளுவதுதான் கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேலை. என் மனைவி ஒருமுறை தானே ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுக்கா கிரேன் வாங்கப் பாத்தீங்க?" என்றாள்.

இறக்குவது இதற்கு நேர் எதிர், ஆனால் வேகம் ஜாஸ்தி. பாதி வெளியே வந்ததும் சக்கரம் தானாகச் சாயும், விட்டால் காலில் இறங்கும். ரிம் ஓட்டையில் ஒரு நைலான் கயிறு, மறுமுனை உள்ளே டி-வளையத்தில். சக்கரம் தரையைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் கயிற்றின் நீளம். பயணத்தில் இறுக்கிப் பிடிக்க இரண்டு ராட்செட் பட்டை, நான்கு டி-வளையம். வளையங்களை ஆங்கிள் இரும்பிலேயே போல்ட் போட்டேன், கிழிந்த தகரத்தை மறுபடி நம்பவில்லை. வால்வு மேலே பார்த்தபடி படுக்கவைத்தால் கதவைத் திறந்ததும் காற்றுப் பார்க்கலாம். 110 பிஎஸ்ஐயிலேயே வைத்திருக்கிறேன். ரோட்டில் குறைப்பது சுலபம், ஏற்றுவதற்கு நம் சின்ன கம்ப்ரஸர் திணறும். ரிம்மின் குழிவுக்குள் இழுவைக் கயிறும் கையுறையும் அழகாக உட்கார்ந்துகொண்டன. மறுபடி தராசு: முன் அச்சு 8,420, பின் அச்சு 15,240.

அடுத்தது, மாட்டிப் பார்ப்பது. யார்டில் சமதளத்தில் நிறுத்தி, முன் வலது டயரின் வால்வு ஊசியைப் பிடுங்கிக் காற்றை முழுக்க விட்டேன். ஸ்டெப்னி வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் காற்றோடு இருக்கும் வண்டியில் அளந்த எதுவும் இங்கே உதவாது. முன் அச்சின் அடிப்பக்கம் 11 அங்குல உயரத்தில் இருந்தது, காற்றிறங்கியதும் ஆறரைக்கு வந்துவிட்டது. வழக்கமான 20 டன் பாட்டில் ஜாக்கி ஒன்பதரைக்குக் குறையாது. குட்டை வகை ஜாக்கி ஏழரை அங்குலம், 75 டாலர். அதுவும் நேராக நுழையாது. ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள 2×10 பலகை இரண்டைப் படிபோல அடுக்கி, இறங்கிய டயரையே அதன் மேல் மெதுவாக ஓட்டி ஏற்றினேன். மூன்று அங்குலம் கிடைத்தது. ஜாக்கிக்கு அடியிலும் ஒன்றரை அங்குலப் பலகை வேண்டும். அது இல்லாவிட்டால், காற்றோடு இருக்கும் சக்கரம் நுழையும் உயரத்துக்கு ஜாக்கி எட்டாது. ஜாக்கி போட்ட இடம் ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, அச்சின் அடியிலேயே. வண்டியைச் சமமாக நிறுத்த அடியில் இருக்கிற ஹைட்ராலிக் கால்களை டயர் மாற்றப் பயன்படுத்தக் கூடாது. அவை அதற்கானவை அல்ல, வண்டி நழுவினால் பிடிக்க ஒன்றுமில்லை.

இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. எஃப்53-ன் பார்க்கிங் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுழல்தண்டில் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒரு பக்கம் தரையை விட்டு எழும்பினால், இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் வழியாக அது சுழலும். மறுபக்கச் சக்கரமும் பிடிப்பை இழக்கும். பிரேக் போட்டிருக்கிறோம் என்ற நினைப்பிலேயே வண்டி நகரும். பின்னால் ஜாக்கி போடும் முன் முன்சக்கரம் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை வைக்காமல் தொடாதீர்கள்.

நட்டுகள் 33 மி.மீ., பத்து. இறுக்கம் 450 முதல் 500 அடி-பவுண்டு. காரில் நூறு போதும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றடிக் குழாயைச் சொருகி மேலே ஏறி நின்றேன்; என் 165 பவுண்டுக்கு 495 வர வேண்டும். நட்டு அசையவில்லை. முன்பு மாட்டிய கடையில் காற்றுத் துப்பாக்கியால் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியிருக்கிறார்கள். பிறகு கையால் சுற்றும் கியர் பெருக்கி ஒன்று வாங்கினேன், 65 டாலர். கைப்பிடியை ஐம்பது அறுபது சுற்று சுற்றினால் நட்டு ஒரு சுற்று திரும்பும், பக்கத்து நட்டில் முட்டுக் கொடுத்து நிற்கும். மெதுவான வேலை, ஆனால் வியர்க்கவில்லை. முதல் நட்டு 'டப்' என்று விட்ட சத்தத்துக்கு நண்பன் இரண்டடி பின்னால் போனான். பின் சக்கரத்தில் நட்டு ஆழத்தில் இருப்பதால் நீட்டிப்புத் தண்டும் வேண்டும்.

சக்கரத்தை ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீண்டிருக்கும், நட்டு மாட்டும் மரைக்கம்பி) ஏற்றுவதற்கு எந்தக் கடைக் கருவியையும்விட உதவியது கடப்பாரை. நாமக்கல் பக்கம் லாரி கிளீனர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன்: சக்கரத்தை நேராக நிறுத்தி, அடியில் கடப்பாரையைக் கொடுத்து, பின்னால் ஒரு கட்டை வைத்து, காலால் ஒரு மிதி. இங்கே நான் சேர்த்தது ஜாக்கி உயரம் மட்டும். அச்சைச் சரியாக நிறுத்தினால் சக்கரம் அரை அங்குலம் எழும்பினால் போதும். ஹப்பின் விளிம்பில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், சக்கரத்தின் நடு ஓட்டை அவற்றின் மேல்தான் உட்கார வேண்டும். முன் ஹப்பைக் கையால் திருப்பி ஒரு மேட்டை உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டால் சக்கரம் அதில் தொங்கிக்கொள்ளும். மேல் ஸ்டட் இரண்டில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் சொருகினேன், ரிம் உரசி மரை கெடாமல் இருக்க. நட்டுக்கும் அதோடு ஒட்டிய வாசருக்கும் இடையில் ஒரு சொட்டு எண்ணெய், மரையில் ஒரு சொட்டு. ரிம்மும் ஹப்பும் தொடும் முகத்தில் எண்ணெய் படக் கூடாது.

கியர் பெருக்கியால் இறுக்கினால் எவ்வளவு இறுகியது என்று தெரியாது. அதைக் கழற்ற மட்டும் வைத்துக்கொண்டு, இறுக்கத்தை 600 அடி-பவுண்டு வரை காட்டும் முக்கால் அங்குல டார்க் ரென்ச் ஒன்றும் வாங்கினேன், 160 டாலர். நீளம் நாலடி. டிக்கியின் குறுக்கே தான் படுக்கும். முதலில் கையால் இறுக்கி, பிறகு எதிரெதிர் நட்டாக 450-க்குக் கொண்டுவந்து, 50 மைல் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு நட்டுகள் கொஞ்சம் திரும்பின.

சக்கரத்தை உருட்டும்போது ஒரே விதி: சாய்ந்தால் விட்டுவிட வேண்டும். 67 கிலோவைப் பாதியில் பிடிக்கப்போனால் முதுகு போகும். ரோட்டோரம் எப்போதும் வெளிப்பக்கம் சரிந்திருக்கும், சரிவுப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

எல்லாவற்றையும் நான் ரோட்டில் செய்யப்போவதில்லை. வலது முன் டயர் போனால், இடம் அகலமாக இருந்தால், செய்வேன். இடப்பக்கம் போனால் ஓடும் லாரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நட்டு கழற்ற மாட்டேன். போன்தான். பின்னால் உள்ளே இருக்கும் டயர் என்றால் இரண்டு சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அதுவும் போன்தான். வருகிறவருக்கு டயர் தயாராக இருக்கும், எனக்கு அது போதும். எல்லா ரிம்மும் ஒரே இரும்பு வகை என்பதால் ஆறு இடத்திலும் இது பொருந்தும். பளபளப்பான அலங்கார மூடிகளைக் கழற்றும் சாக்கெட் மட்டும் தனி அளவு, அதைத் தேடி ஒரு மாலை போனது.

பலகை, பட்டை, வளையம் எல்லாம் சேர்த்து, விற்ற தாங்கியின் நஷ்டம் போக, 570 டாலருக்குள் முடிந்தது. அதில் பாதி கருவிகளுக்குத்தான்.

அடுத்த முறை செய்தால் ரப்பர் உருளைக்குப் பதில் அதே வெள்ளை பிளாஸ்டிக்கில் கடைந்த உருளை போடுவேன். ரப்பர் வெயிலில் நின்று நின்று ஒட்ட ஆரம்பித்திருக்கிறது, முதல் சுற்றில் டயரைப் பிடித்து இழுக்கிறது. உருளையையும் 12 அங்குலத்துக்குப் பதில் வாசல் அகலம் முழுக்கப் போட வேண்டும், இப்போது சக்கரம் கொஞ்சம் கோணலாக வந்தால் ஒரு பக்கம் ஆங்கிளில் உரசுகிறது. 275/80 டயர் வைத்திருப்பவர்கள் செய்வதானால் குறுக்களவு 40 அங்குலம், ரிம்மோடு 190 பவுண்டுக்குக் குறையாது. உருளையின் மேல்முகத்தைப் பத்தொன்பது அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். மரச்சட்டம் வெட்டும் முன் டிக்கித் தரை உயரத்தை, தண்ணீர்த் தொட்டி நிரம்பிய நிலையில் அளந்துகொள்ளுங்கள். எங்கள் வண்டியில் காலித் தொட்டிக்கும் நிரம்பிய தொட்டிக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம் வந்தது.